ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் இரண்டு ராத்திரி: அவசரமில்லாத பயணத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு நான் முதல் தடவை போனது ஒரு அக்டோபர் சனிக்கிழமை. பதினோரு மணிக்கு வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, பஸ்ஸுக்கு வரிசையில் நின்று, மலை ஏறி இறங்கி, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம். போட்டோ நிறைய இருந்தது. ஊரைப் பார்த்த நினைவுதான் இல்லை.

இரண்டாவது தடவை அம்மாவோடு போனேன். முழங்கால் வலி என்பதால் அவரால் வேகமாக நடக்க முடியாது. "மெதுவா போகலாம்டா, ஊரு எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். இரண்டு ராத்திரி தங்கினோம். மாலை ஐந்தரை மணிக்குமேல் வந்த கூட்டமெல்லாம் கிளம்பிப் போனபிறகு, கருங்கல் தெருவில் எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்டது. அந்த ஊர் யாருக்கும் முகம் காட்டுவது அந்த நேரத்தில்தான். அதனால் இந்த வழிகாட்டியில் நான் சொல்வது எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: அங்கே ராத்திரி தங்குங்கள், பகலில் குறைவாகப் பாருங்கள்.

ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு வடமேற்கே சுமார் 65 மைல் தொலைவில், வெஸ்ட் வெர்ஜீனியா மாநிலத்தின் கிழக்கு மூலையில். பொடோமாக், ஷெனன்டோவா என்று இரண்டு ஆறுகள் மலையைப் பிளந்துகொண்டு வந்து சேரும் இடம். ஊருக்குள் வசிப்பவர்கள் முந்நூறு பேருக்கும் குறைவு. கீழே ஆற்றோரம் இருக்கும் பழைய பகுதியில் பெரும்பாலானது தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. மேலே குன்றின்மேல் வீடுகளும் விடுதிகளும்.

எந்த நாள் போவது

இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும், மற்றதெல்லாம் இதை ஒட்டித்தான் வரும்.

அக்டோபர் இரண்டாம் பாதியில் இலைகள் நிறம் மாறும். மலை அழகாகத்தான் இருக்கும், ஆனால் சனி ஞாயிறு அந்தப் பக்கமே போகாதீர்கள். லீவு போட முடிந்தால் அதே வாரத்தில் திங்கள், செவ்வாய் போங்கள். அதே நிறம், கால்வாசிக் கூட்டம்கூட இருக்காது. என் விருப்பம் ஏப்ரல் கடைசியும் மே மாதமும். ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடும், மலையில் இளம்பச்சை ஏறியிருக்கும், வெயிலும் உறைக்காது. ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்தாக்கில் காற்றே இல்லாமல் புழுங்கும். குளிர்காலத்தில் மரங்கள் மொட்டையாக நிற்பதால் ஆறும் மலையும் நன்றாகத் தெரியும். ஆனால் கடைகள் பல வார இறுதியில்தான் திறந்திருக்கும்.

காரில் போகிறவர்கள் ஞாயிறு மதியம் போய்ச் செவ்வாய் காலை திரும்பினால் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் இருப்பீர்கள். ரயிலில் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அதை அடுத்துச் சொல்கிறேன்.

போவது எப்படி

காரில் வாஷிங்டனிலிருந்து 270 எண் நெடுஞ்சாலை வழியாக ஃபிரெடரிக் வந்து, அங்கிருந்து 340 எண் சாலையைப் பிடித்தால் நேராக ஊர். ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். வடக்கு வெர்ஜீனியாவில் இருப்பவர்கள் 7, 9 எண் சாலைகளில் லீஸ்பர்க் வழியாக வரலாம்.

ஆனால் முடிந்தால் ரயிலில் போய்ப் பாருங்கள். வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷனிலிருந்து மேரிலாந்தின் மார்க் ரயில், பிரன்ஸ்விக் தடத்தில் இந்த ஊர் வழியாகப் போகிறது. வேலைக்குப் போய் வருபவர்களுக்கான ரயில் என்பதால் வார நாட்களில் மட்டும்தான் ஓடும்: காலையில் வாஷிங்டனை நோக்கி, மாலையில் அங்கிருந்து இந்தப் பக்கம். இதைக் குறையாக நினைக்காமல் நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸ் முடிந்து ஏறினால், திங்கள் காலை ரயிலில் நேராக வேலைக்குத் திரும்பலாம். ராத்திரி ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். அவ்வளவு நாள் வேண்டாம் என்றால் வாஷிங்டன் வழியாக சிகாகோவுக்குப் போகும் ஆம்ட்ராக் நெடுந்தூர ரயிலும் தினமும் இங்கே நிற்கிறது. திரும்பும் ரயில் சிகாகோவிலிருந்து வருவது, தாமதமாகலாம். அன்றைக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ரயில்வே ஸ்டேஷனே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மரக்கட்டடம். இறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் பழைய ஊருக்குள் நிற்பீர்கள்.

காரில் வருகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். கீழ் ஊரில் வண்டி நிறுத்த இடம் மிகக் குறைவு. பூங்காவின் பார்வையாளர் மையம் 340-ஐ ஒட்டி மேட்டில் இருக்கிறது. அங்கே நிறுத்தினால் கீழே போக இலவச பஸ் உண்டு. நுழைவுக்கு வண்டிக்கு 20 டாலர் வாங்குகிறார்கள், போகும்முன் பூங்காவின் இணையதளத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் தங்குகிறவர்களுக்கு பஸ்ஸே வேண்டாம். வண்டியை விடுதியில் விட்டுவிட்டு, கிளம்பும்வரை சாவியைத் தொடாமல் இருக்கலாம்.

தங்கும் இடம்

பெரிய ஹோட்டல்கள் 340 சாலையிலும் சார்ல்ஸ் டவுன் பக்கத்திலும் இருக்கின்றன. விலை குறைவுதான். ஆனால் அங்கே தங்கினால் ஒவ்வொரு தடவையும் காரை எடுக்க வேண்டும், நான் சொன்ன அந்த மாலை நேரம் கைநழுவிவிடும். குன்றின்மேல் வாஷிங்டன் தெரு, ரிட்ஜ் தெரு பக்கத்திலும் அடுத்துள்ள பொலிவரிலும் பழைய வீடுகளையே விடுதியாக நடத்துகிறார்கள். காலைச் சாப்பாடு சேர்த்துத் தருபவை உண்டு, வாடகைக்கு முழு வீடும் கிடைக்கும்.

பதிவு செய்யும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். அறைக்குப் போக எத்தனை படி ஏற வேண்டும்? பழைய வீடுகளில் லிஃப்ட் இருக்காது. குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டா? காலைச் சாப்பாட்டில் முட்டையும் கறியும் இல்லாமல் ஏதாவது தருவார்களா? ஆற்றுப் பக்கத்து அறையா, தெருப் பக்கத்து அறையா?

கடைசிக் கேள்வி ரயிலுக்காக. சரக்கு ரயில்கள் ராத்திரி முழுக்க இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போகின்றன. மலையில் மோதி எதிரொலிக்கும் அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்தது. லேசான தூக்கம் உள்ளவர்கள் தெருப் பக்கம் அறை கேட்டுவிட்டு, காதில் வைக்கப் பஞ்சும் எடுத்துப் போங்கள்.

இன்னொன்று: ஒரு விளம்பரத்தில் 'நடக்கும் தூரம்' என்று போட்டிருந்ததை நம்பி நாங்கள் எடுத்த இடம், தூரத்தில் அரை மைல்தான். ஆனால் அந்த அரை மைலும் செங்குத்தான ஏற்றம். அம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் மேலே வந்தார். பெரியவர்களோடு போனால் வரைபடத்தில் தூரத்தைப் பார்ப்பது போதாது, உயரத்தையும் பாருங்கள்.

சாப்பாடு

கீழ் ஊர்க் கடைகள் சீக்கிரமே மூடிவிடும். ராத்திரி எட்டு மணிக்குப் பசித்தால் திண்டாட்டம்தான். முதல் ராத்திரிக்குப் புளியோதரையோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொண்டு போய்விடுங்கள். பிளாஸ்க் ஒன்று இருக்கட்டும், அதிகாலையில் ஆற்றோரம் உட்கார்ந்து குடிக்கும் டீக்கு ஈடு கிடையாது. மதியம் சாண்ட்விச், பீட்சா, சூப் கிடைக்கும், சைவம் தேடினால் கிடைத்துவிடும். பால், தயிர், பழம் வாங்க சார்ல்ஸ் டவுன் பக்கம் பெரிய சூப்பர்மார்க்கெட் உண்டு. வரும் வழியிலேயே வாங்கிவிட்டால் வண்டியை மறுபடி எடுக்க வேண்டியிருக்காது.

முதல் மாலை: சங்கமத்தில் ஒரு மணி நேரம்

மூட்டை முடிச்சை வைத்துவிட்டு நேராகக் கீழே இறங்கி, இரண்டு ஆறும் சேரும் முனைக்குப் போங்கள். 'தி பாயின்ட்' என்கிறார்கள். நீங்கள் நிற்பது வெஸ்ட் வெர்ஜீனியா, வலப்பக்கம் ஷெனன்டோவாவுக்கு அப்பால் தெரியும் மலை வெர்ஜீனியா, இடப்பக்கம் பொடோமாக்குக்கு அப்பால் மேரிலாந்து. 1863-க்கு முன் நீங்கள் நிற்கும் இடமும் வெர்ஜீனியாதான். உள்நாட்டுப் போர் நடுவில்தான் மேற்குப் பகுதி பிரிந்து தனி மாநிலமானது.

சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும். கடைசி வெயில் எதிரே மேரிலாந்துப் பாறையில் விழும். அப்போது அந்தப் பாறையை உற்றுப் பாருங்கள். ரயில் சுரங்கத்துக்கு மேலே வெளுத்துப்போன எழுத்துகள் மங்கலாகத் தெரியும். நூறு வருடத்துக்கு முன் ரயில் பயணிகள் கண்ணில் படட்டும் என்று மலைமீதே எழுதிய மென்னென் டால்கம் பவுடர் விளம்பரம் அது. முதலில் எனக்கு வெறும் பாறைக் கறையாகத்தான் தெரிந்தது. அம்மாதான் ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடித்தார்.

ஆற்றின் நடுவே பழைய பாலங்களின் கல் தூண்கள் தலையின்றி நிற்கின்றன. போரிலும் வெள்ளத்திலும் போன பாலங்களின் மிச்சம். தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுப்பு அதிகம்.

முழு நாள்: காலையில் கீழே, மதியம் மேலே

பகல் பயணிகள் பத்தரை மணிக்குமேல்தான் குவிகிறார்கள். ஏழு மணிக்கே இறங்கித் தெருக்களில் நடந்துவிட்டு, காட்சிக்கூடங்கள் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போங்கள். கூட்டம் சேரும்போது குன்றின்மேல் ஏறிவிடுங்கள். மேலே யாரும் வருவதில்லை.

கீழே எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஜான் பிரவுனின் கோட்டை என்று சொல்லப்படும் சின்னச் செங்கல் கட்டடத்தின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அது கோட்டையே அல்ல. 1848-ல் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்காகக் கட்டிய தீயணைப்பு வண்டிக் கொட்டகை. அடிமை முறையை ஆயுதத்தால் ஒழிப்பேன் என்று புறப்பட்ட ஜான் பிரவுன், 1859 அக்டோபர் 16 ராத்திரி தன் ஆட்களோடு இந்தத் தொழிற்சாலையைப் பிடித்தார். அவரோடு சேர்ந்தவர்கள் மொத்தம் இருபத்தொரு பேர். ஆயுதங்களை எடுத்து அடிமைகளுக்குக் கொடுத்து மலை வழியே தெற்கே போவது திட்டம். முப்பத்தாறு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கடைசியில் அவர் ஒளிந்து நின்றது இந்தக் கொட்டகையில்தான். கதவை உடைத்து அவரைப் பிடித்த கடற்படை வீரர்களுக்குத் தலைமை தாங்கியவர் ராபர்ட் ஈ. லீ. அடுத்த ஒன்றரை வருடத்தில் உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களின் பக்கம் போய்ப் போரிட்ட அதே லீ. டிசம்பர் 2 அன்று பக்கத்துச் சார்ல்ஸ் டவுனில் பிரவுனைத் தூக்கிலிட்டார்கள்.

இந்தக் கதையில் என்னை உலுக்கியவர் பிரவுன் அல்ல, டேஞ்சர்ஃபீல்ட் நியூபி. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். மனைவி ஹாரியட்டும் பிள்ளைகளும் வெர்ஜீனியாவில் இன்னும் அடிமைகளாக இருந்தார்கள். பிரவுனின் ஆட்களில் முதலில் செத்தது அவர்தான், இந்தத் தெருவில். அவர் உடலில் ஹாரியட் எழுதிய கடிதங்கள் இருந்தன. பணம் இருக்கிறதோ இல்லையோ, இந்த இலையுதிர்காலத்தில் எப்படியாவது வந்துவிடு, உன்னைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அம்மாவுக்கு அதைப் படித்துச் சொன்னபோது அவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "அந்தப் புள்ளைங்க என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். அன்று காலை நாங்கள் வேறு எதையும் பார்க்கவில்லை. ஓய்வுப் பயணம் என்றால் மனம் கனக்கும் இடங்களைத் தாண்டிப் போவது என்று நான் நினைக்கவில்லை. அங்கே உட்கார நேரம் இருப்பதுதான் ஓய்வு.

பிரவுனின் ஆட்கள் சுட்டதில் முதலில் இறந்தவரும் ஒரு கறுப்பினத்தவரே: ரயில்வேயில் மூட்டை தூக்கிய ஹேவர்ட் ஷெப்பர்ட், அடிமையாக இல்லாத சுதந்திர மனிதர். இரண்டு பேரையும் சேர்த்து நினைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடக்க வேண்டும்.

ஷெனன்டோவா தெருவில் ஒரு கட்டடச் சுவரில் வெள்ள மட்டங்களை ஆண்டு போட்டுக் குறித்திருக்கிறார்கள். 1936-ன் கோடு எல்லாவற்றுக்கும் மேலே. அந்த வருடம் ஆறு 36.5 அடி உயர்ந்தது. தலையை நன்றாக நிமிர்த்தினால்தான் கோடு தெரியும். தொழிற்சாலையைப் போர் எரித்தது, ஊர் எட்டுத் தடவை கை மாறியது, ஆனாலும் ஆலைகள் திரும்ப எழாமல் போனதற்கு ஆறும் ஒரு காரணம்.

அங்கிருந்து மேலே போகப் பாறையிலேயே செதுக்கிய பழைய கல் படிகள் இருக்கின்றன. நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும், மழை பெய்தால் வழுக்கும். ஏறினால் புனித பீட்டர் தேவாலயம், அதையும் தாண்டினால் ஜெஃபர்சன் பாறை. 1783 அக்டோபரில் தாமஸ் ஜெஃபர்சன் இங்கே நின்று பார்த்துவிட்டு, இந்தக் காட்சிக்காக அட்லாண்டிக்கைக் கடந்தே வரலாம் என்ற பொருளில் எழுதினார். பாறை ஆட்டம் கண்டதால் பின்னாளில் கீழே கல் தூண் கொடுத்திருக்கிறார்கள். அதன்மேல் ஏறக் கூடாது. பக்கத்திலிருந்தே அதே காட்சி கிடைக்கும்.

மதியத்தை ஸ்டோரர் கல்லூரி வளாகத்தில் கழியுங்கள். விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் கல்வி தர 1867-ல் தொடங்கிய கல்லூரி, 1955 வரை நடந்தது. 1906 ஆகஸ்டில் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் தலைமையில் கறுப்பினத்தவரின் சம உரிமைக்காகப் போராடிய நயாகரா இயக்கம் இங்கே கூடியது. ஒரு விடியற்காலையில் அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஜான் பிரவுனின் கோட்டைக்கு நடந்து போனார்கள். அப்போது அந்தக் கட்டடம் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் இருந்தது. அதைப் பிரித்து சிகாகோ கண்காட்சிக்கு எடுத்துப் போய், திரும்பக் கொண்டுவந்து, இடம் மாற்றி மாற்றி 1968-ல்தான் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். காலையில் கீழே பார்த்த கட்டடத்தின் மீதிக் கதையை மேலே மரநிழலில் உட்கார்ந்து யோசித்துப் பார்க்க இதுதான் இடம்.

பக்கத்திலேயே வாஷிங்டன் தெருவில் அப்பலேச்சியன் பாதையைப் பராமரிக்கும் அமைப்பின் அலுவலகம். ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் வரை 2,190 மைலுக்கும் மேல் நீளும் நடைபாதை இந்த ஊருக்குள்ளேயே போகிறது. ஏறக்குறைய பாதி வழி வந்த தெம்பில் நடைபயணிகள் இங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். முதுகுச் சுமையோடு யாராவது உட்கார்ந்திருந்தால் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்த நாள்: ஒன்றே ஒன்று

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுங்கள்.

முழங்காலுக்கு நல்லது ஆற்றோர நடை. ஷெனன்டோவா ஓரம் வெர்ஜினியஸ் தீவில் ஆலைகளின் அடித்தளங்களும் நீர் ஓடைகளின் கல் வளைவுகளும் மரங்களுக்கிடையே புதைந்து கிடக்கின்றன, சமதளம். அதே கரையில்தான் ஜான் ஹால் 1820-களில் ஒரே அச்சான துப்பாக்கிப் பாகங்களை இயந்திரத்தில் செய்து காட்டினார். அதற்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் கைவினைஞர் அரம் போட்டுப் பொருத்துவார், ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குச் சேராது. ஹால் செய்ததில் எதை எடுத்து எதில் மாட்டினாலும் பொருந்தியது.

இரண்டாவது, ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாலத்தில் பொடோமாக்கைக் கடந்து பழைய கால்வாய்க் கரையில் நடப்பது. முன்பு கோவேறு கழுதைகள் படகு இழுத்த பாதை, மொத்தம் 184.5 மைல். நீங்கள் ஒரு மைல் போய்த் திரும்பினால் போதும்.

மூன்றாவது, அதே பாலத்தைத் தாண்டி மேரிலாந்து ஹைட்ஸ் ஏறுவது. போய் வர சுமார் நாலரை மைல், ஏற்றம் கடுமை. ஊர் முழுவதும் உள்ளங்கையில் வைத்ததுபோல் தெரியும். ஏழு மணிக்கே கிளம்புங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், பாதையில் கழிப்பறை இல்லை. உச்சியில் தடுப்புக் கம்பி கிடையாது, குழந்தைகளின் கையை விடாதீர்கள். திரும்பி வந்ததும் கணுக்கால், முழங்கால் பின்புறமெல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தாக்கில் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போர்க்களம் பார்க்க ஆசை என்றால் அரை மணி காரில் ஆன்டியட்டம். ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இதோடு சேர்த்துத் திணிக்க வேண்டாம்.

கிளம்பும் காலை

ரயிலில் திரும்புகிறவர்கள் ஸ்டேஷனுக்கு இருபது நிமிடம் முன்பே இறங்கிவிடுங்கள், ஆற்றில் பனிமூட்டம் படிந்திருக்கும் நேரம் அது. வாஷிங்டன் போகும் ரயிலில் வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பாலத்தில் ஏறியதும் சங்கமம் அந்தப் பக்கம்தான் தெரியும். பார்க்கச் சில விநாடிதான் கிடைக்கும், உடனே சுரங்கம் வந்துவிடும். பையை மேலே வைப்பதை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.